பதிவேட்டில் ஏறாத குழந்தை

பெரியவளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம், நீயும் அப்படியே இருப்பாய் என்று முதல் வரியில் எழுதித்தான் எனக்குப் பழக்கம். இன்றைக்கு அதை எழுதக் கை வரவில்லை. இங்கே யாரும் சௌக்கியமாக இல்லை, அதற்குக் காரணம் நீ. நீ நன்றாகத்தான் இருப்பாய், ஒரு குடும்பத்தின் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டு நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்கு ஆபீசுக்குப் போய்வருகிற தெம்பு உனக்கு உண்டு. போனில் பேசிவிடுங்களேன் மாமா என்று மாப்பிள்ளை சொன்னார். போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் நீ வைத்துவிடுவாய், இல்லாவிட்டால் நான் வைத்துவிடுவேன். காகிதமென்றால் கிழித்துப் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை படிப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா. நான் எழுதி முடித்ததும் மாப்பிள்ளை பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்புவார், அசல் தபாலில் மெதுவாக வந்து சேரும். அவர்மேல் எரிந்து விழாதே, இதில் அவர் வெறும் தபால்காரர்.

உன் தங்கைக்குக் குழந்தை பிறந்து இன்றோடு பத்தொன்பது நாள். பெண் குழந்தை என்று உனக்குத் தெரியும், மாப்பிள்ளை இரண்டாம் நாளே படம் அனுப்பினார், நீ அதற்கு ஒரு வார்த்தை பதில் போடவில்லை. படத்துக்குப் பதில் போட நேரமில்லாதவள் ஆறாம் நாள் ஆஸ்பத்திரிக்கு இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். நேற்று திங்கட்கிழமை அங்கிருக்கிற சமூகப் பணியாளர், எந்நேரமும் கக்கத்தில் ஃபைலோடு நடப்பதால் நாங்கள் ஃபைலம்மா என்று பேர் வைத்திருக்கிறோம், எங்கள் மூன்று பேரையும் ஒரு சின்ன அறையில் உட்காரவைத்து அதை வாசித்துக் காட்டினார். ஒருவரைப் பற்றி வந்த கடிதத்தை அவருக்குத் தெரியாமல் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அவர்கள் விதியாம். மூலையில் கை கழுவுகிற தொட்டியில் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது, மாப்பிள்ளை இரண்டு தடவை எழுந்துபோய் அதைத் திருகிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார், பாவம், அவருக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. உன் தங்கை மடியில் கையைக் கோத்துக்கொண்டு கடைசிவரை கேட்டாள். நீ எழுதியதை உனக்கே ஞாபகப்படுத்துகிறேன். என் தங்கை மனநோயாளி, அவளிடம் கைக்குழந்தையை விடக் கூடாது, வேறு குடும்பத்தில் வைத்து வளர்க்க ஏற்பாடு செய்யுங்கள் என்றாய். என் அப்பா எதையும் மூடி மறைக்கிறவர், அவர் பேச்சை நம்பாதீர்கள் என்றாய். அதோடு விட்டாயா. எனக்கு ஆறு வயதாயிருந்தபோது என் அம்மா இதே தங்கையைக் கைக்குழந்தையாகப் பஸ்ஸில் விட்டுவிட்டு இறங்கினார், பஸ் போவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன் என்றும் எழுதியிருக்கிறாய்.

முப்பத்தொரு வயதில், பிள்ளை பெற்ற உடம்போடு, அந்நிய மனுஷி ஒருத்தி கண்ணாடி போட்டுக்கொண்டு வாசிக்க, உன் தங்கை அதை முதல் தடவையாகக் கேட்டாள். உனக்கு நெஞ்சில் ஈரமே இல்லையா. நான் அந்த இடத்திலேயே எழுந்து நின்று சொன்னேன், அம்மா, இது என் பெரிய பெண் சின்ன வயதில் காய்ச்சலில் கண்ட கனவு, நூறு தடவை சொல்லியும் அவள் மண்டையில் ஏறவில்லை என்று. ஃபைலம்மா அதையும் குறித்துக்கொண்டார். உன் தங்கை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். உன் கடிதம் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து அவள் குழந்தையைத் தூக்க வேண்டுமென்றால் பக்கத்தில் ஒரு நர்ஸ் ஸ்டூலைப் போட்டு உட்கார வேண்டும் என்று உத்தரவு. துணி மாற்ற நர்ஸ், குளிப்பாட்ட நர்ஸ், முத்தம் கொடுக்கவும் நர்ஸ். போன வெள்ளிக்கிழமையே வீட்டுக்கு வந்திருக்க வேண்டியவர்கள். இப்போது வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு கூட்டம் வைத்திருக்கிறார்கள், டாக்டர்களும் குழந்தைகள் நலத் துறையிலிருந்து இரண்டு பேரும் உட்கார்ந்து, குழந்தை தாயோடு வீட்டுக்கு வருமா, முன்பின் தெரியாத யாரோ ஒரு வீட்டுக்குப் போகுமா என்று முடிவு சொல்வார்களாம். உன் ஆபீசில் யார் வீடு எரியும், யார் வண்டி மோதும் என்று எடைபோட்டுக் காப்பீடு கொடுக்கிறதும் மறுக்கிறதும்தானே உன் வேலை. அந்தக் கணக்கைக் கூடப் பிறந்தவள் மடியில் வந்து போட்டுப் பார்த்துவிட்டாய்.

மூன்றாம் மாதமே நீ ஆரம்பித்துவிட்டாய், நான் மறக்கவில்லை. கலைத்துவிடச் சொல்லுங்கள் அப்பா என்று ஏதோ கேஸ் சிலிண்டரை மூடச் சொல்கிற மாதிரி சொன்னாய். நான் அன்றைக்கு வைத்த போன்தான், பிறகு உன்னிடம் பேசவில்லை. உனக்கு என்ன தெரியும் அவளைப் பற்றி. இருபத்திரண்டு வயதில் காதில் குரல் கேட்கத் தொடங்கியதும், மூன்று தடவை ஆஸ்பத்திரியில் கிடந்ததும்தான் உனக்குத் தெரியும். அதற்கப்புறம் ஆறு வருஷம் ஒரு வேளை மாத்திரை தவறாமல், நாலு தெரு தள்ளி இருக்கிற அச்சகத்தில் பைண்டிங் வேலைக்குப் போய், ரொட்டிக் கடையில் மாவு பிசைகிற ஒரு நல்ல மனுஷனைத் தானே பார்த்துப் பிடித்து, அவரிடம் முதல் நாளே எனக்கு இன்ன வியாதி என்று சொல்லிக் கல்யாணம் செய்துகொண்டவள் அவள். அவளை நீ பார்த்ததே இல்லை, நீ வெளிநாடு போனபோது விட்டுப்போனவளையே நெஞ்சில் சட்டம் போட்டு மாட்டி வைத்திருக்கிறாய். பிள்ளை உண்டானதும் மாத்திரையை நிறுத்திவிடு, குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடும் என்று சொன்னவன் நான்தான், நாக்கில் வந்ததைச் சொல்லிவிட்டேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா, நான் கீழ விழுந்தா குழந்தைய யாருப்பா தூக்குறது என்றாள். நேராகத் தன் மனநல டாக்டரம்மாவிடம் போய் உட்கார்ந்து, எந்த மாத்திரை நிற்கலாம், எது நிற்கக் கூடாது, எவ்வளவு குறைக்கலாம் என்று பேசி முடிவெடுத்துக்கொண்டு வந்தாள். என்னைக் கூப்பிடக்கூட இல்லை.

பிரசவத்தன்று நடந்த கூத்தையும் கேள். பிரசவ வார்டில் அவள் ஃபைலின் முதல் பக்கத்தில் வியாதியின் பேரைச் சிவப்பில் எழுதியிருக்கிறார்கள், அதைப் பார்த்ததிலிருந்து அங்கே ஒருவரும் அவள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. தண்ணீர் வேண்டுமா என்பதைக்கூட மாப்பிள்ளையிடம் கேட்கிறார்கள், அவர் அவளைப் பார்த்துக் கேட்டு, அவள் சொன்னதைத் திருப்பிச் சொல்கிறார், இத்தனைக்கும் மூன்று பேரும் பேசுவது ஒரே மொழிதான். மத்தியானத்துக்கு மேல் வலி வேறு மாதிரி இருக்கிறது, உள்ளே ஏதோ சரியில்லை என்று அவள் சொன்னாள். இளம் டாக்டர் ஒருத்தர் வந்து, பதற்றப்படுகிறார், தூங்க ஒரு ஊசி போடலாம் என்றார். வெளியே நடைபாதையில் நின்ற எனக்கே அவள் குரல் கேட்டது. எனக்குக் குரல் கேட்டா அத எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியும், ஒன்பது வருஷமா சொல்லிட்டிருக்கேன், இது குரல் இல்ல, இது வயிறு என்றாள். மாப்பிள்ளை அவளுடைய டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார், அந்த அம்மா மூன்று மாடி இறங்கி வந்து, அவள் வலிக்கிறது என்றால் வலிக்கிறது என்று அர்த்தம், முதலில் பாருங்கள் என்று ஒரு சத்தம் போட்டார். பார்த்தால் குழந்தையின் இதயத் துடிப்பு இறங்கிக்கொண்டிருந்தது. இருபது நிமிஷத்தில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். அவள் வாயை மூடிக்கொண்டு அந்த ஊசியைப் போட்டுக்கொண்டிருந்தால் இன்றைக்கு நீ கடிதம் எழுத ஒரு குழந்தையே இருந்திருக்காது. நீ எவளிடமிருந்து குழந்தையைக் காப்பாற்ற வேண்டும் என்கிறாயோ அவள்தான் அதைக் காப்பாற்றினாள், இதை உன் ஃபைலில் எழுதிக்கொள்.

குழந்தை நன்றாக இருக்கிறது. உப்பலாக, மேலே கொஞ்சம் பழுப்பாக இருப்பதால் மாப்பிள்ளை பன் என்று கூப்பிடுகிறார். அந்த மாத்திரையோடு தாய்ப்பால் வேண்டாம் என்று டாக்டரும் அவளும் முன்பே பேசி வைத்தபடி புட்டிப்பால்தான். வீட்டில் எல்லாம் தயார். ஏழாம் மாதம் டாக்டரம்மா அறையில் நாங்கள் நாலு பேரும் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து ஒரு தாள் தயாரித்தோம், ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. பிள்ளை பெற்ற பெண்ணுக்கு இந்த வியாதி திரும்புவது பெரும்பாலும் முதல் சில வாரங்களில்தான், அதற்கு வாசல் திறந்து விடுவது தூக்கமின்மை என்று டாக்டர் சொன்னார். அதனால் ராத்திரிப் பால் முழுக்க என் பொறுப்பு, விடிந்து நான் படுத்தால் எதிர்வீட்டு டீச்சர் வருவார், மத்தியானம் ரொட்டிக் கடை முடிந்து மாப்பிள்ளை வருவார். முப்பத்தாறு வருஷம் பஸ் டெப்போவில் நேரக் காப்பாளராக இருந்தவனுக்கு ட்யூட்டி அட்டவணை போடச் சொல்லித் தர வேண்டுமா, ஒரு ட்ரிப்புக்கும் அடுத்த ட்ரிப்புக்கும் நடுவில் கால்மணி இடைவெளி விழாமல் போட்டிருக்கிறேன். அதற்குக் கீழே எனக்கு உடம்பு சரியில்லை என்பதற்கு அடையாளம் என்று உன் தங்கை கைப்பட எழுதியிருக்கிறாள். தொடர்ந்து இரண்டு நாள் நாலு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கினால். ஒரே ஜன்னலை ஒரே நாளில் மூன்று தடவை துடைத்தால். அப்பாவை வாங்க போங்க என்று மரியாதையாகப் பேசினால். கடைசியதை எழுதிவிட்டு அவளே சிரித்தாள், ஏனென்றால் சுகமாக இருக்கும்போது என்னை அவள் ஒருநாளும் மரியாதையாகப் பேசியதில்லை, வாப்பா போப்பாதான். இவ்வளவு முன்யோசனையோடு பிள்ளை பெற்ற ஒருத்தியை எனக்குக் காட்டு. நீ எங்கே இதையெல்லாம் கேட்டாய், எழுதும் முன்னால் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் அல்லவா. கனவில் கண்டதை வைத்துக்கொண்டு

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன், பகல் பன்னிரண்டு மணிப் பால் கொடுக்கும்போது நான் இருப்பது வழக்கம். இப்போது மணி ஐந்தரை. மேலே எழுதியதை அடிக்கலாமா என்று நினைத்தேன், அடிக்கவில்லை, உன்மேல் இருக்கிற கோபம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் அந்தப் பாதி வாக்கியத்தை முடிக்க என்னால் ஆகாது.

நான் போனபோது நர்ஸ் ஸ்டூலில் உட்கார்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், உன் தங்கை குழந்தையை மடியில் வைத்துப் புட்டியைச் சரித்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், வாங்கப்பா, உக்காருங்க என்றாள். தாளில் மூன்றாவது அடையாளம் அதுதானே. தூங்கினாயா என்று கேட்டேன், எட்டு மணி நேரம் தூங்கினேன், சார்ட்டுல எழுதியிருக்காங்க, பாருங்க என்றாள். நான் நர்ஸிடம் திரும்பி டாக்டரைக் கூப்பிடுங்கள் என்று வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் அவள், இது வியாதி இல்ல, கோபம், ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாமலே வயசாயிடுச்சு உங்களுக்கு என்றாள். பிறகு குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டு இரண்டு கேள்வி கேட்டாள். ஏழாம் மாசம் அக்காவுக்குப் போன் பண்ணீங்களா என்பது முதல் கேள்வி.

உனக்கு இதைச் சொல்லியாக வேண்டும். அந்தத் தாளில் கடைசியாக ஒரு கட்டம் இருக்கிறது. அன்றைக்கு டாக்டரம்மா அவளிடம், வியாதி முற்றினால் உனக்கு உடம்பு சரியில்லை என்று யார் சொன்னாலும் நீ நம்பமாட்டாய், அப்போதும் யார் ஒருத்தர் சொன்னால் நம்புவாய், யோசித்துச் சொல் என்று கேட்டார். அவள் யோசிக்கவே இல்லை, அக்கா என்று எழுதினாள். புருஷன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், பெற்றவன் உட்கார்ந்திருக்கிறேன். ஏன் என்று நான் கேட்டேன். அப்பா நான் எரிஞ்சிட்டிருந்தாக்கூட ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னுதான் சொல்லுவ, நீ பயந்தாங்கொள்ளி, அக்காவுக்கு மனசுல பட்டத மூஞ்சிக்கு நேரா சொல்லத் தெரியும் என்றாள். அந்தக் கட்டத்தில் உன் சம்மதம் வேண்டும், உன்னிடம் பேசித் திட்டத்தைச் சொல்லி வாங்கி வருவது என் வேலை என்று பிரித்துக் கொடுத்தார்கள். நான் உனக்குப் போன் செய்யவில்லை. கலைக்கச் சொன்னவளிடம் போய் நிற்பதா என்று வீம்பு, அதைவிட என்னை விட்டுவிட்டு உன் பேரை எழுதினாளே என்ற எரிச்சல். அடுத்த வாரம் டாக்டரம்மா கேட்டபோது, பேசிவிட்டேன், சரியென்றாள் என்று சொல்லிவிட்டேன். நேற்று ஃபைலம்மா உன் கடிதத்தை வாசித்தபோது அதில் ஒரு வரி வந்தது, இவர்களிடம் எந்தத் திட்டமும் இருப்பதாக எனக்கு யாரும் சொல்லவில்லை என்று. அது காதில் விழாத மாதிரி நான் இருந்துவிட்டேன். உன் தங்கைக்கு விழுந்திருக்கிறது. அதனால்தான் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நீ ஒன்றும் தெரியாமல் எழுதினாய், தெரியாமல் வைத்தவன் நான். இதை எழுதும்போது பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

இரண்டாவது கேள்வி, அது கனவா என்பது. இல்லை என்று சொன்னேன். முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக வாயால் சொன்னேன், நர்ஸ் வேறு கேட்டுக்கொண்டிருந்தார். உன் தங்கை பிறந்ததிலிருந்து உன் அம்மா தூங்கவே இல்லை. இது என் குழந்தை இல்லை, இதன் சொந்தக்காரர்கள் எங்கேயோ காத்துக்கொண்டிருக்கிறார்கள், கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்று என்னிடம் மூன்று நாள் சொன்னாள். அசதியில் உளறுகிறாள் என்று நினைத்து நான் ட்யூட்டிக்குப் போய்க்கொண்டிருந்தேன். இருபத்திரண்டாம் நாள், பகல் இரண்டு நாற்பது வண்டியில், உன் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தையோடு ஏறினாள், கடைசி சீட்டில் ஜன்னலோரம் குழந்தையைக் கிடத்தினாள், அடுத்த நிறுத்தத்தில் உன்னோடு இறங்கிவிட்டாள். இதைச் சொன்னதும் உன் தங்கை, சும்மா கிடத்தினாளா என்று கேட்டாள். இல்லை, இரண்டு பக்கமும் துண்டைச் சுருட்டி அணை வைத்திருந்தாள், இன்னொரு துண்டால் குழந்தையைச் சுற்றி அதன் முனையை முன் சீட்டுக் கம்பியில் முடிந்திருந்தாள், பிரேக் அடித்தாலும் விழாது என்று சொன்னேன். உன் தங்கை தன் மகளைச் சுற்றியிருந்த துணியின் முனையை இறுக்கிச் செருகினாள். விழாம வெச்சிருக்கா என்று மட்டும் சொன்னாள். பிறகு அழுதாள், நர்ஸ் எழுந்து வந்து தோளில் கை வைத்தார், அதை ஒரு குற்றமாக எழுதிக்கொள்ளவில்லை, நல்ல பெண்.

அந்த வண்டியின் கண்டக்டரை மீசை என்றுதான் கூப்பிடுவோம், உனக்கு ஞாபகமிருக்கும், நம் வீட்டுக்கு வரும்போதெல்லாம் உன்னைத் தோளில் தூக்கிக்கொள்வார். அவர்தான் உங்கள் மூன்று பேரையும் டெப்போவுக்குக் கொண்டுவந்தார். பஸ்ஸில் கிடந்தது எதுவானாலும், குடையோ பையோ, கண்டெடுத்த பொருள் பதிவேட்டில் எழுத வேண்டும், ஆளில்லாமல் கிடந்தது குழந்தையென்றால் எழுதிப் போலீசுக்கும் சொல்ல வேண்டும், அதுதான் விதி. அந்தப் பதிவேடு என் மேஜையில் இருந்தது. நான் அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, எழுதாதே, என் பெண்டாட்டியைப் பைத்தியம் என்று சொல்லிவிடுவார்கள், பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்கள் என்று அவரிடம் கெஞ்சினேன். அவர் எழுதவில்லை. உன் அம்மாவை நான் டாக்டரிடம் கூட்டிப்போகவில்லை, போனால் என்ன நடந்தது என்று கேட்பார்களே. மாதக்கணக்கில் தானாக அடங்கியது, ஆனால் அதற்கப்புறம் உன் தங்கையை அவள் தன் கையால் தூக்கவே இல்லை, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு தூரத்திலிருந்து பார்ப்பாள், சாயங்காலமானால் பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிட்டாளா, வந்துவிட்டாளா என்று என்னைக் கேட்டுக்கொண்டே இருப்பாள். பன்னிரண்டு வருஷம் கழித்துக் காய்ச்சலில் போகிற வரைக்கும் அப்படித்தான். ஒரு மாத்திரையும் ஒரு நல்ல டாக்டரும் கிடைத்திருந்தால் அவள் தன் பிள்ளையைத் தூக்கியிருப்பாள். அது கிடைக்காமல் செய்தவன் நான். எதையும் மூடி மறைக்கிறவர் என்று நீ எழுதியதைக் கேட்டுத்தான் எனக்கு ரத்தம் கொதித்தது, உன் கடிதத்தில் ஒரு எழுத்துக்கூடப் பிசகில்லாத வரி அது ஒன்றுதான்.

இன்னொரு வரி பிசகு, அதைத் திருத்தத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். பஸ் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று எழுதியிருக்கிறாய். நீ நிற்கவில்லை. மீசை எனக்குச் சொன்னது இது. உன் அம்மா கையை உதறிவிட்டு, பாப்பா பாப்பா என்று கத்திக்கொண்டு நீ பஸ்ஸின் பின்னால் ஓடியிருக்கிறாய், படிக்கட்டில் ஒரு காலை வைத்தும் விட்டாய், அதைப் பார்த்துத்தான் அவர் விசில் அடித்து வண்டியை நிறுத்தினார். நிறுத்தியபோது நீ தடுமாறி ரோட்டில் விழுந்தாய். உன் வலது முழங்காலில் இருக்கிற தழும்பு ஊஞ்சலில் விழுந்தது இல்லை, அது நான் சொன்ன கதை. நீ அன்றைக்கு ஓடாவிட்டால் அடுத்த நிறுத்தத்தில் யார் கையில் அவள் போயிருப்பாளோ தெரியாது. அதைத்தான் நான் உன்னிடம் காய்ச்சல், கனவு என்று சொல்லிச் சொல்லி அழித்தேன், ஓடியதை அழித்துவிட்டேன், பஸ் போனது மட்டும் உன்னிடம் மிஞ்சியிருக்கிறது. சாயங்காலம் வண்டியைக் கழுவும்போது படிக்கட்டு இடுக்கில் உன் செருப்பு கிடைத்தது. மீசை அதைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்துவிட்டு, இதையாவது எழுதறேன் சார், ஒண்ணுமே நடக்கலன்னு ஆயிடக் கூடாது என்றார். எழுதினார், நான் கையெழுத்துப் போட்டேன். டெப்போவுக்குக் கம்ப்யூட்டர் வந்து பழைய பதிவேடுகளை எடைக்குப் போட்டபோது அந்த ஒன்றை மட்டும் எடுத்து வந்து அலமாரியில் துணிக்கு அடியில் வைத்திருக்கிறேன். இன்றைக்கு எடுத்துப் பார்த்தேன். குழந்தையின் செருப்பு ஒன்று, சிவப்பு, இடது கால், இரண்டு நாற்பது வண்டி, உரியவர் வரவில்லை.

வியாழக்கிழமை அந்தப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போகிறேன். நேற்று நான் சொன்னது பொய், ஏழாம் மாதம் டாக்டரிடம் சொன்னதும் பொய் என்று சொல்லப்போகிறேன். இப்படிப் பொய் சொல்கிறவன் இருக்கிற வீட்டுக்குக் குழந்தையை எப்படி அனுப்புவது என்று அவர்கள் கேட்கலாம். நான் வீட்டைவிட்டுப் போக வேண்டுமென்றால் டீச்சர் வீட்டு மாடி அறைக்குப் போய்விடுவேன், ராத்திரிப் பாலுக்கு மாப்பிள்ளை கடையில் ட்யூட்டி மாற்றிக்கொள்கிறேன் என்கிறார். உன் பேரை என்ன செய்வது, அடித்துவிடட்டுமா என்று உன் தங்கையிடம் கேட்டேன். தொடாதே என்றாள் பார், தொடாதீங்க என்று சொல்லவில்லை, எனக்கு அதில் ஒரு சின்ன நிம்மதி. அவள் உனக்குச் சொல்லச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அக்கா நேர்ல வரணும்னு இல்ல, போன்ல முகம் தெரிஞ்சா போதும். என்கிட்ட குழந்தையக் கொடுக்க வேண்டாம்னு இப்பவும் நெனச்சா அதையே சொல்லட்டும், ஆனா தாளைப் படிச்சிட்டு என் முகத்தைப் பாத்துச் சொல்லட்டும். இந்த வீட்ல பொய் சொல்லாத ஒரே ஆள் அவதான்.

தாளையும் மாப்பிள்ளை படம் எடுத்து அனுப்புவார், கடைசிக் கட்டம் காலியாக இருக்கும். பத்து மணி என்பது உங்கள் நேரப்படி எத்தனை என்று பார்த்துக்கொள், போனை முன்பே சார்ஜ் போட்டு வை, உனக்கு எப்போதும் அதில் அலட்சியம். கலைக்கச் சொன்னதை நான் மறக்கமாட்டேன், கனவு என்று சொன்னதை நீயும் மறக்க வேண்டாம், அந்தச் சண்டையை நாம் ரெண்டு பேரும் உயிரோடு இருக்கிற வரைக்கும் போட்டுக்கொள்ளலாம். நீ நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும், உன் நாக்கு இப்படியே கூர்மையாக இருக்க வேண்டும், உன் தங்கைக்கு அது தேவைப்படுகிறது. இன்றைக்குக் குளிக்கும்போது உன் வலது முழங்காலை ஒரு தடவை பார். நீ ஓடினாய்.

இப்படிக்கு,
அந்தச் செருப்புக்குக் கையெழுத்துப் போட்ட
அப்பா